நான் இருக்கேன்ல

சண்டை ஆரம்பித்தது சிங்கில் கிடந்த பாத்திரங்களில். இரவு ஒன்பதரை மணி இருக்கும். எனக்கு அன்று பன்னிரண்டு மணி நேர வேலை. அவர் பகல் முழுக்க வீட்டில்தான் இருந்தார், ஆனாலும் காலையில் போட்ட பாத்திரம் அப்படியே கிடக்கிறது. நான் ஒன்று சொன்னேன், அவர் ஒன்று சொன்னார். அது வளர்ந்து கொடியில் காயும் துணி, என் அம்மா, அவர் அம்மா என்று ஒரு சுற்று போய்விட்டு வந்தது. கடைசியில் என் வாயிலிருந்து இப்படி ஒன்று விழுந்தது: "யார் கையெழுத்துல இந்த நாட்டுல இருக்கீங்கன்னு கொஞ்சம் நெனச்சுப் பாருங்க."

அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தார்.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். "விடு" என்று சொல்லிவிட்டார். எனக்குத்தான் விட முடியவில்லை. கோபத்தில் மனிதர்கள் பொய்யாக நிறையச் சொல்வார்கள், 'உன்னைக் கட்டிக்கிட்டதே தப்பு' என்பதுபோல. அதையெல்லாம் இரண்டு நாளில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நான் சொன்னது பொய்யில்லை. அவர் இங்கே இருப்பது என் கையெழுத்தில்தான். உண்மையான ஒன்றை எப்படித் திரும்ப வாங்குவது?

அன்றிலிருந்து ஒரே கேள்வி. தப்பு என் வாயில் இருக்கிறதா, இல்லை, அந்த வாக்கியத்தை உண்மையாக்கி வைத்திருக்கும் காகிதத்தில் இருக்கிறதா?

நான் பினாங்குக்காரி. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மின்னியல் படித்துவிட்டு, பாயான் லெப்பாஸில் சிப்புகளைச் சோதிக்கும் தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறேன். அவர் கும்பகோணத்துக்காரர். எங்கள் நிறுவனத்தின் சென்னைக் குழுவில் இருந்தார். இரண்டு வருடம் வாராவாரம் திரையில் பார்த்துக்கொண்டோம், பெரும்பாலும் எதனால் பழுதானது என்று பேச. கல்யாணம் கும்பகோணத்தில் நடந்தது, பதிவும் அங்கேயே. அத்தோடு முடிந்தது என்று என் அப்பா நினைத்தார். எங்கள் நாட்டின் 1976 திருமணச் சட்டமோ, முஸ்லிம் அல்லாதார் வெளிநாட்டில் செய்துகொண்ட திருமணத்தை ஆறு மாதத்துக்குள் மலேசியப் பதிவதிகாரியிடமும் பதியச் சொல்கிறது. சான்றிதழைத் தூக்கிக்கொண்டு முத்திரை முத்திரையாக அலைந்தோம். அதை விவரிக்கப் போவதில்லை. அலைச்சல் தீர்ந்த பிறகுதான் உண்மையான கேள்வி வந்தது: எந்த வழியில் சேர்ந்து வாழ்வது?

நான்கு வழிகள் தெரிந்தன.

முதலாவது என் அண்ணன் சொன்னது. "டூரிஸ்ட்டா வரச்சொல்லு லா. உள்ள வந்து பாத்துக்கலாம்." 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் இங்கே வந்துபோகலாம். டிக்கெட் எடுத்தால் போதும். ஆனால் விமான நிலையத்தில் அதிகாரி "எதற்கு வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்பார். "சுற்றிப்பார்க்க" என்றால் வேலை சுலபம். "மனைவியுடன் வாழ வந்திருக்கிறேன், துணைவர் அனுமதிக்கு விண்ணப்பிக்கப் போகிறோம்" என்றால் கேள்வி நீளும். முதல் பதில் சின்னப் பொய்தான், யாருக்கும் நஷ்டமில்லாத மாதிரித்தான் தெரிகிறது. எனக்கு அதில் உறுத்தியது வேறு. யோசனை எங்கள் குடும்பத்துடையது, பொய்யைச் சொல்லப்போவது அவர். மாட்டினால் திருப்பி அனுப்பப்படுவதும் அவர்தான். ஒருவர் போடும் திட்டத்தின் அபாயம் முழுவதும் இன்னொருவர் தலையில் விழுகிறது என்றால் அதைத் துணிச்சல் என்று சொல்ல முடியாது. அந்த வழியை விட்டோம்.

இரண்டாவது, துணைவருக்கான நீண்ட கால வருகை அனுமதி. இதில் நான் 'பெனாஜா', அதாவது ஸ்பான்சர். விண்ணப்பிக்கவும் புதுப்பிக்கவும் நான் கூடவே போய்க் கையெழுத்துப் போட வேண்டும். கடப்பிதழில் ஒட்டும் ஸ்டிக்கரிலேயே வேலை செய்யத் தடை என்று அச்சாகியிருக்கும். வேலை கிடைத்தால் அதற்குத் தனியாக அனுமதி கேட்டுப் பெற வேண்டும். நிரந்தர வசிப்பிடத் தகுதிக்கு விண்ணப்பிக்கவே ஐந்து வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் அடிப்படை எங்கள் திருமணம். திருமணம் ஆடினால் அவர் காலுக்குக் கீழே தரையும் ஆடும்.

மூன்றாவது, வேலை அனுமதி. நிறுவனமே அவரைப் பினாங்குக்கு மாற்றலாம். அப்படி வந்தால் அவர் தன் சம்பாத்தியத்தில், தன் பெயரில் வருகிறார். என் கையெழுத்து தேவையில்லை. ஆனால் வேலை போனால் அனுமதியும் போகும்.

நான்காவது, நான் கும்பகோணமோ சென்னையோ போவது. இதில் ஒரு விசித்திரம் உண்டு, அதற்குப் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பாவின் அம்மா 1952-இல் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கல்யாணப் பெண்ணாக வந்தவர். ஐம்பது வருடத்துக்கு மேல் கெடாவிலேயே வாழ்ந்தார். தோட்டத்தில் பால் வெட்டினார், ஐந்து பிள்ளைகளைப் பெற்றார். சாகும்வரை அவரிடம் இருந்தது சிவப்பு ஐசி. நிரந்தரவாசி, குடிமகள் இல்லை. தாத்தாவுக்கு நீல ஐசி. சுதந்திரத்தை ஒட்டிப் பலரும் குடியுரிமைக்குப் பதிந்தபோது தோட்டத்துக் கிராணி வந்து தாத்தாவிடம் கேட்டாராம், "சம்சாரத்துக்கும் போட்டுடலாமா?" தாத்தா சொன்ன பதிலைப் பாட்டி எங்களிடம் சிரித்துக்கொண்டே நடித்துக் காட்டுவார்: "அவளுக்கு எதுக்கு அதெல்லாம்? நான் இருக்கேன்ல!"

தாத்தா கெட்டவர் இல்லை. அடிக்காதவர், குடிக்காதவர், சம்பளத்தை அப்படியே பாட்டி கையில் கொடுத்தவர் என்று ஊரே சொல்லும். பாசத்தில்தான் சொன்னார். பிறகு 1969 வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் இறுகியது. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். பாட்டிக்குப் பெர்மிட் கிடைத்தது, ஆனால் கிடைக்கும்வரை அவர் தூங்கவில்லை என்று அப்பா சொல்வார். தாத்தா 1979-இல் இறந்துபோனார். அதற்குப் பின் ஒவ்வொரு தேர்தலின்போதும் பாட்டி குளித்து, நல்ல சேலை கட்டி, எங்களோடு வாக்குச் சாவடி வரைக்கும் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். "நான் இருக்கேன்ல" என்றவர் இல்லாமல் போய்விட்டார், சிவப்பு ஐசி இருந்தது.

சொன்னேனே, விசித்திரம். இந்தியாவில் பிறந்ததைக் காட்டும் பாட்டியின் பழைய கடப்பிதழை வைத்துப் பேத்தி நான் இந்திய அரசிடம் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதை எடுத்தால் அங்கே தங்கலாம், வேலை செய்யலாம், கணவரின் கையெழுத்து இல்லாமலே. பாட்டியை இங்கே அந்நியராக வைத்திருந்த அதே காகிதம் எனக்கு அங்கே ஒரு கதவைத் திறக்கிறது. ஆனால் என் அம்மாவுக்கு டயாலிசிஸ், வாரம் மூன்று முறை. நான் போக முடியாது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அதனால் அந்த வழி பட்டியலில் இருந்ததே தவிர, கையில் இல்லை.

ஆக இரண்டும் மூன்றும். என் கையில் சாவி, அல்லது நிறுவனத்தின் கையில் சாவி.

நான் பொறியாளர் செய்வதைச் செய்தேன். எக்செல்லில் அட்டவணை போட்டேன். செலவு, காத்திருக்கும் மாதங்கள், வேலை செய்யும் உரிமை, 'நான் செத்தால் என்ன ஆகும்', 'நாங்கள் பிரிந்தால் என்ன ஆகும்' என்று பத்திகள். ஒவ்வொன்றுக்கும் எடை. எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு: எந்த ஒரு பாகம் பழுதானால் மொத்த அமைப்பும் நின்றுபோகுமோ, அந்த மாதிரி ஒரு பாகம் இருக்கவே கூடாது. துணைவர் அனுமதியில் அந்தப் பாகம் நான்தான். கூட்டிப் பார்த்தால் வேலை அனுமதி ஜெயித்தது.

அந்த நாட்களில் ஜான் ஸ்டூவர்ட் மில்லைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1851-இல் அவர் ஹாரியட் டெய்லரைக் கல்யாணம் செய்துகொண்டார். அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி திருமணமானதும் மனைவியின் சொத்தும் சட்ட ஆளுமையும் கணவனுக்குள் அடங்கிப்போகும். கல்யாணத்துக்கு முன் மில் ஓர் உறுதிமொழி எழுதினார். சட்டம் தனக்குத் தரும் இந்த அதிகாரங்களைத் தான் மறுப்பதாகவும், சட்டப்படி அவற்றைத் துறக்க வழியில்லாததால், ஒருபோதும் பயன்படுத்தமாட்டேன் என்று முறைப்படி எழுதிவைப்பதாகவும் அதில் சொல்கிறார். எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்தது. நல்ல கணவனாக இருப்பேன் என்று அவர் எழுதவில்லை, இந்த அதிகாரமே என்னிடம் இருக்கக் கூடாது என்று எழுதினார். இரண்டும் ஒன்றில்லை. அமைதியான எசமானிடம் இருக்கும் அடிமையும் அடிமைதான் என்ற பழைய வாதத்தை நம் காலத்தில் விரிவாக எழுதியவர் பிலிப் பெட்டிட். ஒருவர் நம் வாழ்க்கையில் குறுக்கிடாமல் இருக்கலாம். நினைத்த நேரத்தில் குறுக்கிட அவரால் முடியும் என்றால், அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து வாழப் பழகிவிடுவோம். சுதந்திரம் போனது அங்கேயே. தாத்தாவின் "நான் இருக்கேன்ல"வில் இருந்த கோளாறு எனக்கு அப்போதுதான் தெளிவாகப் புரிந்தது. அந்த வாக்கியத்தில் அன்பு குறைவில்லை. அன்பை நிலப்பட்டா மாதிரி கொடுத்ததுதான் கோளாறு.

அட்டவணையைப் பெருமையோடு அவருக்கு அனுப்பினேன். இரவு அழைத்தார்.

"நல்லாத்தான் போட்டிருக்க. ஆனா ஒண்ணு சொல்லவா? கம்பெனிக்கு எம்மேல பாசம் கெடையாது. உனக்கு இருக்கு. சாவி யாராவது ஒருத்தர் கையில இருக்கத்தான் போவுதுன்னா, அது உன் கையில இருக்கட்டுமே."

"பாசம் போயிட்டா?"

"பாசம் போயிட்டா எனக்கு அந்த ஊர்ல என்ன வேல?"

நான் பெட்டிட்டை எடுத்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ சொல்றது சரி. யாரையும் சார்ந்து இருக்கக் கூடாதுன்னா எதுக்குக் கல்யாணம் பண்ணிக்கணும்? எங்கப்பா படுத்த படுக்கையா கெடந்தப்ப எங்கம்மா கையிலதான் அவர் உசுரு இருந்துச்சு. அத யாரும் அடிமைத்தனம்னு சொல்லல." கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொண்ணு. இந்த டேபிள்ல வெயிட்டேஜ் யார் போட்டது?"

நான்தான் போட்டேன். அவரைக் கேட்காமலே போட்டேன். அவருக்கு அந்த நிறுவனம் அலுத்துப்போயிருந்தது, வேலையை விட்டுவிட்டு வேறு ஏதாவது செய்ய ஆசைப்பட்டார். அதற்கு என் அட்டவணையில் பத்தியே இல்லை. அவருடைய சுதந்திரத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி, எந்த மாதிரிச் சுதந்திரம் என்பதை நானே தீர்மானித்துவிட்டேன். தாத்தா "நீல கார்டு வேண்டாம்" என்று பாட்டிக்காக முடிவெடுத்தார், நான் "வேலை அனுமதிதான்" என்று அவருக்காக முடிவெடுத்தேன். திசை வேறு, பழக்கம் ஒன்று. மில்லின் உறுதிமொழியைத் திரும்ப வாசித்தபோதும் இது உறைத்தது. எவ்வளவு நேர்மையான காகிதம், ஆனால் அதில் பேசுவது முழுக்க அவர் குரல்.

அவர் துணைவர் அனுமதியைத் தேர்ந்தெடுத்தார். எனக்கு முழுச் சம்மதமில்லை, ஆனாலும் ஒத்துக்கொண்டேன். ஒரு வழியின் கஷ்டத்தை யார் அனுபவிக்கப் போகிறாரோ, அவர்தான் அந்த வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். மற்றவரின் கடமை, எல்லா விவரத்தையும் மறைக்காமல் முன்னால் வைப்பது. தனக்குப் பாதகமான விவரத்தையும்தான். விமான நிலையத்தில் அதிகாரியிடம் அவர் உண்மையையே சொன்னார். கால் மணி நேரம் கூடுதலாக நின்றார். வெளியே வந்தபோது கொஞ்சம் வெளிறிப்போயிருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், "பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல."

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. பாத்திரச் சண்டைக்குப் பிறகுதான் தோன்றியது. விமான நிலையத்தில் ஆறுதலாகச் சொன்னதும் சமையலறையில் மிரட்டலாகச் சொன்னதும் ஒரே செய்திதான்: உங்கள் இருப்பு என் கையில். அன்பாக இருக்கும்போது ஒரு மாதிரி வந்தது, கோபத்தில் இருக்கும்போது வேறு மாதிரி வந்தது. இன்னொன்றும் தோன்றியது. அவர் அன்று பகல் முழுக்க ஏன் வீட்டில் இருந்தார்? ஒரு இடத்தில் வேலை தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள், வேலை செய்ய அனுமதி வந்துசேரக் காத்திருந்தார். அவரை வீட்டில் உட்காரவைத்ததே அந்தக் காகிதம்தான். வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று கோபப்பட்டு, அதே காகிதத்தை எடுத்து அவரை அடித்திருக்கிறேன்.

ஆகவே என் கேள்விக்கு என் பதில் இது. தப்பு இரண்டு இடத்திலும் இருக்கிறது, ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தப்பவிடக் கூடாது.

காகிதத்தின் தப்பை முதலில் சொல்கிறேன். நான் ஆணாகவும் அவர் பெண்ணாகவும் இருந்திருந்தால், கூட்டரசு அரசியலமைப்பின் 15-ஆவது விதிப்படி, இங்கே இரண்டு வருடம் வாழ்ந்தபின் மனைவி என்ற தகுதியிலேயே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கிடைப்பது எளிதில்லை, ஆனால் கதவென்று ஒன்று இருக்கிறது. மலேசியப் பெண்ணின் கணவருக்கு அந்தக் கதவே கிடையாது. வேறு எந்த வெளிநாட்டவரையும் போல, 19-ஆவது விதிப்படி, பன்னிரண்டு ஆண்டில் பத்தாண்டு வாழ்ந்து காட்டி விண்ணப்பிக்க வேண்டும். பெண் ஆணின் பின்னால் வருவாள், ஆண் பெண்ணின் பின்னால் வரமாட்டான் என்ற எண்ணம் அதில் அப்படியே உறைந்து கிடக்கிறது. எங்கள் சொந்தக்காரர்களிடமும் அதே எண்ணம்தான். "மாப்பிள்ள பொண்டாட்டி விசாவுல இருக்காராமே" என்று ஒரு அத்தை கல்யாண வீட்டில் கேட்டார். பாட்டி எழுபது வருடம் முன்னால் புருஷன் காகிதத்தில் வந்தபோது யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பிள்ளை விஷயத்திலும் இப்படித்தான் இருந்தது. வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்கு அப்பா மலேசியராக இருந்தால் குடியுரிமை உண்டு, அம்மா மலேசியராக இருந்தால் இல்லை. சில தாய்மார்கள் வழக்குப் போட்டார்கள். 2021 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று அதைப் புரட்டியது. 2024 அக்டோபர் 17 அன்று மக்களவை அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. அதில் நடந்தது அடிப்படையில் ஒரு சொல் மாற்றம். 'தந்தை' என்று இருந்த இடத்தில் 'பெற்றோரில் குறைந்தது ஒருவர்'. மில்லும் தன் உறுதிமொழியோடு நின்றுவிடவில்லை. 1867-இல் நாடாளுமன்றத்தில் வாக்குரிமை மசோதாவில் 'ஆண்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'நபர்' என்று போடத் திருத்தம் கொண்டுவந்தார், தோற்றார். நல்லவராக நடந்துகொள்வது சட்டத்தின் இடத்தை நிரப்பாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நல்ல மனைவி ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்பதால் என் கணவருக்குக் கதவு வேண்டாம் என்று ஆகிவிடாது. எல்லா வெளிநாட்டுத் துணைவருக்கும் நல்ல ஸ்பான்சர் கிடைப்பதில்லை. அடிவாங்கிக்கொண்டு, புதுப்பிக்கும் தேதிக்காக வாயைத் திறக்காமல் இருக்கிறவர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

ஆனால் சட்டம் மாறும்வரை என் வாய் என் பொறுப்பு. 'அமைப்பு அப்படி, நான் என்ன செய்ய' என்பது எங்கள் தொழிலில் எடுபடாத சாக்கு. அபாயம் இருக்கிறது என்று தெரிந்தால் அதைக் குறைக்கும் வேலையைச் செய்ய வேண்டும்.

மில் மாதிரி ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவா என்று அவரிடம் கேட்டேன். சிரித்தார். "அதுவும் உன் கையெழுத்துதானே?" அதனால் எழுதவில்லை. வேறு சிலது செய்தோம். அவர் பெயரில் மட்டும் ஒரு கணக்கு. அதில் ஊர் திரும்ப டிக்கெட்டுக்கும் ஆறு மாதச் செலவுக்கும் பணம். அது எதற்கு என்று நான் கேட்கக் கூடாது. அவருடைய கடப்பிதழும் சான்றிதழ்களும் அவருடைய அலமாரியில், சாவி அவரிடம். வேலைக்கான அனுமதி வந்துவிட்டது, இப்போது சம்பளமும் அங்கேதான் போகிறது. மாலையில் மலாய் வகுப்புக்குப் போகிறார். அப்பாவிடமும் அண்ணனிடமும் உட்கார்ந்து பேசினேன், நாளை எனக்கு ஏதாவது ஆனால் இவருக்காக நீங்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்று. அப்பா "நாங்க இருக்கோம்ல" என்று ஆரம்பித்தார். "இருந்தா மட்டும் பத்தாதுப்பா" என்று ஒரு பட்டியலைக் கொடுத்தேன்.

இதையெல்லாம் கேட்ட தோழி ஒருத்தி சொன்னாள், "நீ என்ன, அவர் உன்ன விட்டுட்டுப் போக வழி பண்ணிக் கொடுக்கற மாதிரி இருக்கு." ஆமாம், அதைத்தான் செய்கிறேன். அவர் போக முடியாமல் என்னோடு இருந்தால், அவர் ஏன் இருக்கிறார் என்று எனக்கு எப்போதுமே தெரியாது. பாட்டி தாத்தாவோடு விரும்பித்தான் வாழ்ந்தாரா என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "வேற எங்க போறது?" என்றார். அது கேள்விக்குப் பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

அவர் சொன்ன மறுப்பை நான் மறக்கவில்லை. சார்ந்து இருப்பதே இழிவு என்று நினைப்பதும் ஒருவகைத் திமிர்தான். அம்மா இயந்திரத்தோடு படுத்திருக்கும் நாட்களில் அவர்தான் பக்கத்தில் இருக்கிறார், நான் வேலையில் இருக்கிறேன். அந்த நேரத்தில் நானும் அவர் கையில்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. நான் அவரைச் சார்ந்திருப்பதை எந்த முத்திரையும் எழுதிவைக்கவில்லை, அவர் என்னைச் சார்ந்திருப்பதை எழுதிவைத்திருக்கிறது. அதனால் சண்டையில் விசாவைப் பற்றிப் பேசக் கூடாது என்ற விதி எனக்கு மட்டும்தான். அவருக்கு அந்த மாதிரி விதி தேவையில்லை.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார், மார்ச் மாதம் அனுமதி முடிகிறது, புதுப்பிக்கப் போக வேண்டும், ஒரு நாள் லீவு கிடைக்குமா என்று. எந்த நாள் என்று கேட்டேன். தேதியை அவரே பார்த்துச் சொன்னார். லீவு போட்டுவிட்டேன்.